லட்சுமி எந்த லாரியில் வந்தாள்? கால்நடை கொண்டுவருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பொங்கல் கொண்டாட்டத்துக்கு மாடும் ஆடும் வரவழைக்கும் ஏற்பாட்டுக் குழுக்கள், கோ பூசைக்குப் பசுவும் கன்றும் அழைக்கும் கோயில் நிர்வாகங்கள், கொர்பான் (ஹஜ்ஜுப் பெருநாள் பலி) ஏற்பாட்டாளர்கள், லிம் சூ காங் பண்ணையாளர்கள், உயிருள்ள ஆடு இறக்குமதி செய்வோர், இவர்கள் எல்லாருக்கும் லாரி ஓட்டுவோர்.

பார்வைக்கு: தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவு, சிங்கப்பூர் உணவு அமைப்பு.

அன்புடையீர்,

வணக்கம். முதலில் உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துப் பாருங்கள். மலேசியாவிலிருந்து வந்த முட்டை என்றால் ஓட்டின்மேல் எழுத்தும் இலக்கமுமாக ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அது பண்ணையின் அடையாளம். ஒரு பண்ணையின் முட்டையில் சால்மொனெல்லா இருப்பது தெரியவந்தால் உணவு அமைப்பு அந்தக் குறியீட்டை அறிவிக்கிறது. வீட்டில் சமைப்பவர் ஓட்டைத் திருப்பிப் பார்த்து, தம்மிடம் இருப்பது அதுவா இல்லையா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்.

சில காசு பெறும் முட்டைக்குக் கிடைத்த இந்த வசதி, பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் மாலையும் மஞ்சளுமாக நிற்கும் பசுவுக்கு உண்டா? கொர்பானுக்கு வந்து இறங்கும் செம்மறிக்கு உண்டா? காதில் எண் எழுதிய வில்லை இருக்கலாம். அந்த எண்ணை வாசலில் எழுதிக்கொண்டவர் யார், எந்த நோட்டில், எத்தனை மணிக்கு? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் அளவுகோல் புதிது ஒன்றுமில்லை. கோமாரி நோய் (மாடு, ஆடு, பன்றியின் வாயிலும் காலிலும் கொப்புளம் போடும் தொற்று) பற்றிய தகவல் தலைமைக் கால்நடை மருத்துவருக்குக் கிடைத்த 24 மணி நேரத்துக்குள், குறிப்பிட்ட விலங்கு முந்தைய 30 நாள் எங்கெல்லாம் நின்றது என்று சொல்ல முடியவேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் தேசியத் தரம். பல லட்சம் சதுர கிலோமீட்டரில் மேயும் மந்தைக்கு அவர்கள் வைத்த கெடு அது. ஒரு மணி நேரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே போய்விடக்கூடிய தீவில், விரல்விட்டு எண்ணக்கூடிய பண்ணைகளை வைத்துக்கொண்டு, நாம் அதைவிடக் குறைவாகக் கேட்க முடியாது.

“இங்கே எல்லாம் அனுமதியோடுதானே வருகிறது” என்று உடனே ஒரு பதில் வரும். உண்மைதான். இறக்குமதி அனுமதி, சுகாதாரச் சான்றிதழ், சோதனைச்சாவடியில் பரிசோதனை எல்லாம் கடுமையாகவே நடக்கின்றன. கோமாரி இல்லாத நாடு, அதுவும் தடுப்பூசி போடாமலே இல்லாத நாடு என்று உலக விலங்கு நல அமைப்பு சிங்கப்பூரை அங்கீகரித்திருக்கிறது. ஆனால் அனுமதிச் சீட்டு சொல்வது விலங்கு நாட்டுக்குள் எப்போது, எங்கிருந்து வந்தது என்பதை. உள்ளே வந்தபின் அது எந்தக் கொட்டகையில், எதற்குப் பக்கத்தில், எத்தனை நாள் நின்றது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை எழுதவேண்டியது நீங்கள்.

1998 செப்டம்பரில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணையாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள். நோய்ப் பகுதியிலிருந்து பன்றிகள் மட்டும் லாரி ஏறித் தெற்கே போய்க்கொண்டிருந்தன. பயந்த பண்ணையாளர் கிடைத்த விலைக்கு விற்கவும் செய்தார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்குப் போயிற்று. அங்கிருந்த சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரே பிறகு அந்தக் கிருமிக்கும் ஆயிற்று. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் அறுப்புக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் தொற்றி ஒருவர் இறந்தார். மார்ச் 19 அன்று பன்றி இறக்குமதி நிறுத்தப்பட்டு அறுப்புக்கூடம் மூடப்பட்டது. மலேசியாவில் 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. கிருமிக்குக் கால் இல்லை. அதற்கு லாரி கொடுத்தது மனிதர்.

2001-இல் பிரிட்டனில் வந்த கோமாரி இதைவிடத் தெளிவான பாடம். பிப்ரவரி 19 அன்று எசெக்ஸில் ஓர் அறுப்புக்கூடத்தில் பன்றிகளிடம் சந்தேகம் எழுந்தது, மறுநாள் உறுதியானது, 23-ஆம் தேதி விலங்கு நடமாட்டத்துக்கு நாடு முழுதும் தடை போட்டார்கள். நாலு நாள்தான். ஆனால் அதற்கு முன்பே ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாகச் செம்மறிகள் நாடெங்கும் போய்விட்டிருந்தன. தடை வந்த நேரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் கிருமி குடியேறியிருந்தது. கடைசிக் கணக்கில் 2,026 இடங்களில் நோய்; அறுபது லட்சத்துக்கும் அதிகமான விலங்குகள் கொல்லப்பட்டன. மாட்டுக்கு அந்த நாட்டில் அப்போது பாஸ்போர்ட்டே உண்டு. செம்மறிக்குத் தனி எண் கிடையாது. வியாபாரி பத்துப் பேரிடம் பத்துப் பத்தாக வாங்கி, கலந்து, இருபது இருபதாக விற்பார். கோமாரி கண்ட செம்மறி பெரும்பாலும் லேசாக நொண்டும், அவ்வளவுதான். பார்த்தும் தெரியாது, கேட்டும் தெரியாது.

ஒன்றாக வந்த கூட்டத்துக்கெல்லாம் ஒரே தொகுதி எண் போதுமா, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டுமா என்று நீங்கள் கேட்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. துவாஸ் வழியாகக் கூண்டுகளில் வரும் கோழிக்குத் தனி எண் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். ஒரே கொட்டகையில் ஒரே நாளில் இறங்கிய குஞ்சுகள் ஒன்றாக வளர்ந்து ஒன்றாக வெளியேறினால் பண்ணை, கொட்டகை, தேதி என்ற மூன்றும் போதும். ஒரே பண்ணையிலிருந்து ஒரே விமானத்தில் வந்து, ஒரே கொட்டிலில் நின்று, ஒரே நாளில் அறுக்கப்படும் செம்மறிக்கும் அதே கணக்கு பொருந்தும். ஆனால் இரண்டு தொகுதிகள் ஒரே பட்டியில் கலந்த மறுகணம் தொகுதி எண் செத்துவிடும். இடம் போதவில்லை என்று நடுத்தடுப்பை எடுத்துவிடுகிறார்களே, அந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லாமல் எதையும் பின்தொடர முடியாது. ஆகவே தடுப்பை எடுப்பவர்தான் நோட்டையும் எடுக்கவேண்டும்: எத்தனை மணிக்கு, எந்த இரண்டு தொகுதிகள், யார் சொல்லி.

இனி எண்ணுக்கு வருவோம். பசுவுக்குப் பெயர் வைப்பது நம் வழக்கம், வைக்கட்டும். ஆனால் மூன்று கொட்டகையில் மூன்று லட்சுமி இருப்பார்கள். “லட்சுமி வந்தாள், கன்றும் வந்தது” என்று எழுதிய பக்கம் தேடுபவருக்கு எதற்கும் உதவாது. “வெள்ளைப் பசு” என்பதும் அப்படியே, அதுவும் மஞ்சள் பூசி அழைத்து வருகிற நாளில்.

மின்னணுக் காது வில்லைக்குள் இருப்பது 15 இலக்க எண். 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையில் படிப்பான் என்ற கருவி அதை எழுப்பிப் படிக்கும். முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறி (சிங்கப்பூர் 702, மலேசியா 458, இந்தியா 356), அல்லது 900-க்கு மேல் தொடங்கும் தயாரிப்பாளர் குறி. ஆஸ்திரேலிய வில்லையில் ஒரு பொறி இருக்கிறது: வெளியே அச்சிட்டிருக்கும் எண் வேறு, உள்ளே மின்னணுவில் இருக்கும் எண் வேறு. வெளி எண்ணில் பண்ணையின் எட்டெழுத்துக் குறியீடு அடங்கியிருக்கும். ஒருவர் கண்ணால் பார்த்து எழுதியதையும் இன்னொருவர் படிப்பானால் எடுத்ததையும் ஒப்பிட்டால் இரண்டு விலங்கு போலத் தோன்றும். உங்கள் ஏட்டில் எந்த எண் என்று பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் பசுக்களின் காதில் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் வில்லை, 12 இலக்கம். அது வேறு முறை, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கணினியில் ஏற்றும்போது நடக்கும் விபத்து இன்னொன்று. எக்செல் தாளில் 15 இலக்கத்தை அப்படியே தட்டினால் அது ஒரு பெரிய தொகை என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். எண் சுழியில் தொடங்கினால் சுழியைத் தின்றுவிடும். 16-ஆவது இலக்கம் இருந்தால் அதைச் சுழியாக்கிவிடும். ஆஸ்திரேலியாவின் நாட்டுக் குறி 036. முதல் சுழி போனால் 14 இலக்கம்தான் மிஞ்சும். எனவே எண்ணைத் தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று மாற்றிவைக்கவேண்டும். தட்டியபின் மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. எழுதும்போது ஐந்தைந்தாகப் பிரித்து எழுதினால் ஒன்றும் ஏழும் குழம்பாது. கைப்பேசியில் வில்லையைப் படமெடுத்துவிட்டால் சந்தேகமே இல்லை, படத்தில் விலங்கின் முகமும் தெரியும்படி எடுத்தால். வெறும் வில்லைப் படம் பத்து இருந்தால் எது எந்த ஆடு என்று பிறகு யாருக்கும் தெரியாது.

ஐம்பது அறுபது உருப்படிக்குப் படிப்பான் வாங்கச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தினால் அவசரப்படவேண்டாம். கைக்கோல் படிப்பான் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில்தான் பிடிக்கும். இரும்புக் கம்பித் தடுப்புக்கு அருகில் தடுமாறும். இரண்டு ஆடு தலையோடு தலை வைத்து நின்றால் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதை விடும், அல்லது இரண்டையும் விடும். சிறு மந்தைக்குக் கண்ணும் கைப்பேசியும் ஒரு நோட்டும் போதும். நூற்றுக்கணக்கில் இறக்குபவர்களுக்குப் படிப்பான் இல்லாமல் முடியாது.

வில்லை போடும் இடத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் எண் தொலைவதற்கு முதல் காரணம் வில்லை தொலைவதுதான். காதில் நீளவாக்கில் மேடாக ஓடும் குருத்தெலும்பு வரிகள் தெரியும். அவற்றில் இரண்டு வரிகளுக்கு நடுவில், தெரியும் ரத்தக்குழாயை விலக்கி, மாட்டுக்குக் காதின் நடுப் பகுதியிலும் ஆட்டுக்குத் தலையை ஒட்டிய பகுதியிலும் போடவேண்டும். வில்லையின் ஊசிமுனைப் பாதி காதின் பின்புறத்திலிருந்து நுழையும். நுனிக்காதில் போட்டால் முதல் வேலியிலேயே கிழிந்துவிடும். இறுக்கிப் போட்டால் காற்றோட்டம் இன்றிப் புண்ணாகும், நம் ஊர் ஈரத்தில் ஈ மொய்க்கும். ஒவ்வொரு விலங்குக்கும் நடுவே வில்லை அறையும் கருவியின் ஊசியைக் கிருமிநாசினியில் முக்கவேண்டும். விழாவன்று காதை ஒட்டி மாலை கட்டுவதும், கழுத்து மணியின் வாரை வில்லைக்கு மேலே சுற்றுவதும் நிறுத்தப்பட வேண்டியவை. மாலை அழகுதான், கழுத்தோடு நிற்கட்டும்.

வில்லை விழுந்துவிட்டால் புது எண் போடுங்கள். பழைய எண்ணின் வரியிலேயே “இதற்குப் பதில் இது, இந்தத் தேதி” என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பழைய விலங்கு காணாமல் போய்விடும், புது விலங்கு வானத்திலிருந்து குதித்திருக்கும். அறுத்த ஆட்டின் வில்லையைக் கழற்றி வேறொன்றுக்குப் போடுவது சிக்கனமல்ல. அது பொய்க் கணக்கு.

இப்போது ஏட்டின் ஒரு வரி. நடமாட்டம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு வேண்டும்: ஏற்றிய தேதியும் நேரமும், ஏற்றிய இடம், ஒவ்வோர் எண்ணும், ஏற்றும்போது எண்ணிய தலைகள், லாரி எண், ஓட்டுநர், அந்த லாரி இதற்கு முன் எதை ஏற்றியது, எப்போது கழுவியது, இறக்கிய இடம், நேரம், இறக்கும்போது எண்ணிய தலைகள், அங்கே வேறு யாருடைய விலங்கு இருந்தது, ஒப்படைத்தவர், பெற்றவர் இருவர் கையெழுத்து. கையெழுத்து இரண்டு என்பது அலங்காரமில்லை. அனுப்பியவர் ஏட்டில் 12, பெற்றவர் ஏட்டில் 11 என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் தவறு ஒரு மாதம் தூங்கும். தேதியை 3/4 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வரும், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். தலை எண்ணுவது லாரியின் சாய்தளத்தில் ஒவ்வொன்றாக நடக்கும்போது; பட்டிக்குள் விட்டபிறகு எண்ணுவது ஆட்டோடு கண்ணாமூச்சி விளையாடுவது.

எல்லாரும் தவறவிடுவது திரும்பும் பயணம். பண்ணையிலிருந்து தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு) போவது ஒரு நடமாட்டம். தேக்காவிலிருந்து பண்ணைக்கு வருவது இன்னொன்று. போனது ஊர்வலம் மாதிரி நாலு பேர் சூழப் போகும், படமும் இருக்கும். வந்தது இரவு பதினொரு மணிக்கு, அசதியில், எந்த லாரி கிடைத்ததோ அதில். நோயை வீட்டுக்குக் கொண்டுவருவது அந்த இரண்டாவது பயணம்தான்.

கணக்கு எப்படி ஓடும் என்று ஒரு கற்பனை நிலவரத்தில் பார்ப்போம். ஜனவரி 20 அன்று ஓர் ஆடு தீனி எடுக்கவில்லை. மூக்கு ஒழுகுகிறது, வாயில் புண், கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோயோ என்று சந்தேகம். உலக விலங்கு நல அமைப்பு இதற்கு வைத்திருக்கும் நோயரும்பு காலம் (கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தெரியும்வரை) 21 நாள். இருபதிலிருந்து இருபத்தொன்றைக் கழித்தால் டிசம்பர் 30. அன்றிலிருந்து இந்தக் கொட்டகைக்குள் வந்தது எது என்பது பின்தேடல். அன்றிலிருந்து வெளியே போனது எது, எதை உரசிக்கொண்டு நின்றது என்பது முன்தேடல். இந்த ஆடு ஜனவரி 13 முதல் 16 வரை விழாப் பட்டியில் இன்னொருவரின் நாலு ஆட்டோடு நின்றது. அந்த நாலும் 16 இரவு அறுபது ஆடுள்ள கொட்டகைக்குத் திரும்பின. அவற்றை ஏற்றிய லாரி 17 காலை மூன்றாம் இடத்திலிருந்து ஒரு கன்றை ஏற்றியது. ஆக, இரண்டு கொட்டகை, ஒரு லாரி, ஒரு மூன்றாம் இடம். ஏடு இருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம். இல்லாவிட்டால் தொலைபேசியில் ஒருவரை ஒருவர் கேட்டு, “பதினாறா, பதினஞ்சா?” என்று தடுமாறி, மூன்று நாள் போகும். அந்த மூன்று நாளில் அறுபதும் நோயாளியாகலாம்.

கழிக்கவேண்டிய நாள் நோய்க்கு நோய் மாறும். கோமாரிக்கு 14, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு 15, மாட்டுக்கு வரும் தோல் கழலை நோய்க்கு 28. எனவே 30 நாள் ஏடு என்பது குறைந்தபட்சம்; நீங்கள் ஓராண்டு பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருங்கள். தோல் கழலை நோய் 2021-இல் மலேசியாவிலும் 2022-இல் சிங்கப்பூரிலும் தலைகாட்டியது. அது கடிக்கும் ஈயாலும் கொசுவாலும் பரவுவது. ஈக்கு யாரும் வில்லை போட முடியாது. ஆனாலும் ஈ பறக்கும் தூரத்தைவிட லாரி ஓடும் தூரம் மிக அதிகம். காட்டுப்பன்றிக்கும் எண் கிடையாதுதான்: 2023 பிப்ரவரியில் இங்கே செத்துக் கிடந்த காட்டுப்பன்றியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டபோது அது எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து வந்த பன்றிகளின் உடல்களில் இங்கே அறுப்புக்கூடத்தில் அதே நோய் தெரிந்தபோது ஊற்றுக்கண் எது என்பதில் குழப்பமே இல்லை. தீவின் பெயர் தெரிந்தது. அங்கிருந்து இறக்குமதி நின்றது. தடம் தெரிந்த விலங்குக்கும் தெரியாததற்கும் வித்தியாசம் இரண்டே மாத இடைவெளியில் நம் கண்முன்னே நடந்தது.

லாரி ஓட்டும் தம்பிகளுக்குத் தனியாக. கிருமிநாசினியைச் சாணத்தின்மேல் தெளித்தால் அது சாணத்தோடுதான் சண்டை போடும். முதலில் சுரண்டி எடுக்கவேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்து அலசவேண்டும். தண்ணீர் வடிய விடவேண்டும், தேங்கிய தண்ணீர் மருந்தை நீர்த்துப்போகச் செய்யும். அதற்குப் பிறகுதான் மருந்து. கோமாரிக் கிருமி அமிலத்துக்கும் காரத்துக்கும் தாங்காது. 4 சதவீதச் சலவை சோடாக் கரைசல் (படிகமல்லாத உலர்தூளில் கரைத்தது) போதும்: பத்து லிட்டர் வாளிக்கு 400 கிராம். 0.2 சதவீதச் சிட்ரிக் அமிலமும் கொல்லும், வாளிக்கு 20 கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள்; ஒன்றை ஒன்று முறித்து நுரை மட்டும் மிஞ்சும். பத்து நிமிடமாவது ஈரமாக இருக்கவேண்டும். மறக்கும் இடங்கள் எப்போதும் அவைதான்: சாய்தளத்தின் அடிப்பக்கம், சக்கர வளைவு, ஓட்டுநர் காலடி விரிப்பு, மாட்டை ஓட்டும் குச்சி. ஏட்டில் “கழுவியது” என்ற கட்டத்தில் வெறும் சரிக்குறி போடாமல் நேரத்தை எழுதுங்கள். சரிக்குறியை நாலு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போட்டுவிடலாம். நேரத்தைப் போட கொஞ்சமாவது யோசிக்கவேண்டும்.

பொங்கல் ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்றிரண்டு. பட்டியில் இரு வேறு உரிமையாளரின் விலங்குகளைத் தடுப்பில்லாமல் நிறுத்தாதீர்கள். தடுப்பு இரட்டையாக, நடுவில் இரண்டு மீட்டராவது இடைவெளியோடு இருந்தால் மூக்கும் மூக்கும் தொடாது. தண்ணீர்த் தொட்டி தனித்தனி. வருகையாளர் வாழைப்பழமும் பொங்கலும் ஊட்ட வருவார்கள். இது தடம் காணும் விஷயம் இல்லைதான், ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது: சோறு மிஞ்சினால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறிச் சாய்ந்துவிடும். ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் தொண்டை வற்றச் சொல்வது இது. புல் கட்டு ஒன்றை நீங்களே வைத்து, அதிலிருந்து மட்டும் ஊட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம்: முந்தின வாரம் ஊருக்குப் போய்த் தொழுவத்தில் நின்றுவிட்டு அதே செருப்போடு வருபவர். இந்தியாவில் கோமாரி ஓயாமல் இருந்துகொண்டிருப்பது. வாசலில் அறிவிப்புப் பலகை, கை கழுவும் இடம், செருப்பு நனைக்கும் தட்டு இவை மூன்றும் பந்தல் செலவில் ஒரு மூலைக்கும் காணாது.

கொர்பான் ஏற்பாட்டாளர்களுக்கு வேலை பாதி முடிந்தே வருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் உயிருள்ள ஆடுகள் அறுப்புவரை கண்காணிப்பில் இருக்கவேண்டும், கணக்குக் காட்டப்படவேண்டும், வெளியாள் தணிக்கை செய்யவேண்டும் என்பது அந்நாட்டு ஏற்றுமதி விதி. 2025 ஜனவரி 1 முதல் அங்கே பிறக்கும் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மின்னணு வில்லை கட்டாயமாகியிருக்கிறது. ஆக, இனி காதில் எண் இருக்கும். இங்கே அதைப் படிக்கவேண்டும், அவ்வளவுதான். நாள் முடிவில் சமன்பாடு ஒன்று பொருந்தவேண்டும்: இறங்கியது என்பது அறுத்தது, இறந்தது, கையிருப்பு மூன்றையும் கூட்டியதற்குச் சமம். அறுப்பின்போது வெட்டிய காதோடு வில்லை கழிவுத் தொட்டிக்குப் போய்விடுவதுதான் வழக்கமான ஓட்டை. ஒரு வாளி வைத்து வில்லைகளை அதில் போடச் சொல்லுங்கள். மாலையில் வாளியை எண்ணினால் அறுத்த கணக்கு கிடைத்துவிடும். பெருநாள் கூட்டத்தில் இந்த ஒரு வாளிக்கென்று ஒருவரை நிறுத்தாவிட்டால் அது நடக்காது. வேறு வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்ப்பவர் இதைப் பார்க்கமாட்டார்.

சந்தேகம் வந்த நாளில் செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறோம். நல்லதாகத் தெரியும் விலங்குகளைப் பத்திரமாக வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். பேராக் பண்ணையாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. கோமாரி கண்ட விலங்கு கொப்புளம் தெரிவதற்கு முன்பே கிருமியைக் கொட்டத் தொடங்கிவிடும். எதுவும் அசையக்கூடாது: ஆடு, லாரி, தீவனச் சாக்கு, வேலையாள் காலணி எதுவும். விலங்கு மருத்துவப் பிரிவை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை ஏட்டின் கடைசி 30 நாளைப் படியெடுத்து வையுங்கள்.

இனிப் பார்வைக்கு அனுப்பப்பட்ட இரு அமைப்புகளிடம். பண்ணைக்கு ஒரு படிவம், விழாவுக்கு ஒன்று, கொர்பானுக்கு ஒன்று என்று இல்லாமல் மேலே சொன்ன கட்டங்களோடு ஒரே படிவம் வேண்டும், நான்கு மொழியிலும்; சாணியள்ளும் கையால் நிரப்பக்கூடிய ஒரே பக்கமாக. வங்காளத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது, தொழுவத்தில் எழுதப்போகிறவர் யார் என்று பார்த்து மொழியை முடிவு செய்யலாம். இரண்டாவது, வில்லை தொலைந்ததையும் தலை எண்ணிக்கை ஒன்று குறைந்ததையும் தானாக வந்து சொல்பவருக்கு அபராதம் வேண்டாம். அபராதம் போட்டால் அடுத்த ஆண்டு எல்லா ஏடும் அப்பழுக்கின்றி இருக்கும், ஒன்றைக்கூட நம்ப முடியாது. நோய்த் தடுப்புக்காக விலங்கு அழிக்கப்பட்டால் உரிமையாளருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே எழுதி அறிவியுங்கள். அது தெரியாததால்தான் மனிதர் இரவோடு இரவாக லாரி பிடிக்கிறார்கள். மூன்றாவது, ஆண்டுக்கொரு முறை ஒத்திகை. முன்னறிவிப்பின்றி ஓர் எண்ணைச் சொல்லி அதன் 30 நாள் எங்கே என்று கேளுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

முதல் ஒத்திகையை வரும் பொங்கல் முடிந்த பத்தாம் நாள் வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. திரும்பும் பயணத்தை யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும். ஏடு மட்டும்தான் பேசும்.

இப்படிக்கு,
கால்நடை நலத்திலும் நடமாட்டப் பதிவிலும் வேலை பார்ப்போர் சிலர்,
சிங்கப்பூர்

பின்குறிப்பு: ஏட்டைப் பேனாவால் எழுதாதீர்கள். பந்துமுனைப் பேனா ஈரத் தாளில் எழுதாது, மைப்பேனா சாய்தளத்தில் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். பென்சில் நிற்கும். நோட்டோடு நூல் கட்டித் தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் பென்சிலையும் தேடவேண்டிவரும்.